தொட்டியில் மண்புழு விடலாமா, மண்புழு உரமே போதுமா?

மாடித்தோட்டம் போட்டு ஓராண்டு கடந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரசாயன உரம் தொடுவதில்லை. தொழு உரம், வேப்பம்புண்ணாக்கு, பஞ்சகவ்யா எல்லாம் கொடுக்கிறோம். ஆனால் மண்ணைக் கிளறினால் ஒரு மண்புழுகூட இல்லை. கால் கிலோ வாங்கிவந்து எல்லாத் தொட்டியிலும் பிரித்து விட்டுவிட்டால் என்ன?

கேள்விக்குப் பின்னால் நல்ல எண்ணம் இருக்கிறது. மண்புழு இருக்கும் மண்தான் உயிருள்ள மண் என்று நாம் கேட்டு வளர்ந்தவர்கள். வயலுக்கு அது சரி. பன்னிரண்டு அங்குல குரோ பேக் என்னும் செடிப் பைக்கும் அப்படியே பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. புழுவை நேரே தொட்டியில் விடுவது ஒன்று. தனியாக ஒரு பெட்டியில் புழு வளர்த்து, உரத்தை மட்டும் தொட்டிக்குக் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, கடையில் மண்புழு உரம் வாங்கிப் போடுவது. கடைசியாக, பெரிய தொட்டிக்குள் துளையிட்ட குழாயைப் புதைத்து, அதில் காய்கறிக் கழிவைப் போட்டுப் புழுவை அங்கேயே குடியேற்றுவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சிறிய தொட்டியில் புழு விட வேண்டாம், உரம் போதும். டிரம், மரப்பெட்டி, பாத்தி அளவில் வைத்திருப்பவர்கள் தாராளமாக விடலாம். ஏன் இந்தப் பிரிவு என்பதற்குக் காரணம் புழுவின் வயிற்றில்தான் இருக்கிறது.

எந்தப் புழு என்பதில்தான் பாதி விஷயம்

எல்லா மண்புழுவும் மண் தின்பதில்லை. மேல்மட்டத்தில், மட்கும் இலைக்கும் சாணத்துக்கும் இடையிலேயே வாழ்ந்து அதையே தின்னும் இனங்கள் உண்டு. மண்ணுக்குள் வளை தோண்டி, மண்ணையும் அதிலுள்ள மட்கையும் சேர்த்து விழுங்கும் இனங்களும் உண்டு. உரத் தொட்டிக்கென்று நம் ஊரில் விற்கப்படுபவை பெரும்பாலும் முதல் வகை: ஆப்பிரிக்கப் புழு என்று சொல்லப்படும் யூட்ரிலஸ் யூஜினியே, சிவப்புப் புழு எனப்படும் ஐசீனியா ஃபெடிடா. இவை கழிவைத் தின்று உரமாக்குவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் தோட்டமண்ணும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த ஒரு பையில் விட்டால் இவற்றுக்குத் தின்ன எதுவும் கிடைக்காது. சாணம் தீரும் வரை இருக்கும். தீர்ந்ததும் மழை இரவில் வெளியே ஊர்ந்து வரும், இல்லையென்றால் உள்ளேயே சாகும். காலையில் மாடித் தரையில் காய்ந்து கிடக்கும் புழுக்கள் அப்படி வெளியேறியவைதான்.

நம் ஊர்த் தோட்டங்களில் இயல்பாகக் காணப்படுவது லாம்பிட்டோ மாரிட்டி. மழைக்குப் பிறகு தரையில் சின்னச் சின்ன உருண்டைகளாகக் குவிந்து கிடக்கும் எச்சம் பெரும்பாலும் இதன் வேலை. மண்ணுக்குள் இறங்கி வாழும் புழு என்பதால் செடியோடு சேர்ந்து வாழப் பொருத்தமானது. இன்னொன்று பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்: கருஞ்சிவப்பு நிறம், வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும், ஈரச் சாணக் குவியலுக்கு அடியில் கிடைக்கும். வெயிலை ஓரளவு தாங்கும். மழைக்காலத்தில் பெட்டியை விட்டு ஓடுவதிலும் இதுதான் முதல். சென்னையில் பல்லாண்டுகளாக மண்புழு ஆய்வு செய்துவரும் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடிப் போக வேண்டாம், இந்த இரண்டு உள்ளூர் இனங்களையே பயன்படுத்துங்கள் என்று தொடர்ந்து சொல்லிவருபவர். மேல்மட்டத்தில் ஒன்று, மண்ணுக்குள் ஒன்று என்று இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

உள்ளூர்ப் புழுவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. எச்சம் தெரியும் ஈரமான இடமாகப் பார்த்து, அரைக் கிலோ வெல்லத்தையும் அரைக் கிலோ புதுச் சாணத்தையும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் தெளிக்க வேண்டும். மேலே வைக்கோல் பரப்பி, பழைய சாக்கால் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்தில் புழுக்கள் அங்கே கூடிவிடும். சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

வயலில் புழுவுக்கு வெயில் ஏறினால் கீழே இறங்க இடம் உண்டு. தொட்டியில் கீழேயும் சூடு, பக்கவாட்டிலும் சூடு. சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு, மேற்கு வெயில் விழும் குரோ பேக்கின் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையை அங்கேயே வைத்திருக்க முடியாது. விரலை மண்ணுக்குள் விட்டால் வெளியோரத்து மண் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடும், நடு மண்ணில்தான் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். ஐசீனியாவுக்கு உகந்தது 15 முதல் 25 டிகிரி, ஆப்பிரிக்கப் புழுவுக்கு 25 டிகிரிக்கு அக்கம்பக்கம். 35 டிகிரியைத் தாண்டினால் இரண்டுக்கும் உயிருக்கே ஆபத்து. காற்றே 40 டிகிரியைத் தொடும் நாட்களில் சிமெண்ட் தரைமேல் நிற்கும் பையின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஈரமும் அப்படித்தான். மண்புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்று உள்ளே போகும். ஆகவே தொட்டி ஒரு நாள் முழுக்கக் காய்ந்தால் அதற்கு மூச்சுத் திணறும். தண்ணீர் வடியாமல் தேங்கினாலும் அதே திணறல்தான். நாமோ காலையில் ஊற்றி, மாலையில் காயவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுகிறோம். தக்காளியும் கத்தரியும் அதைத் தாங்கிக்கொள்ளும். புழு தாங்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் தீனி. உரப் புழு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ பாதி அளவு தின்னும். ஒரு பையில் 50 கிராம் புழு விட்டோம் என்று வையுங்கள். தினம் 25 கிராம், மாதத்துக்கு முக்கால் கிலோ மட்கும் பொருள் வேண்டும். பை நிரப்பும்போது நாம் போட்ட தொழு உரம் மொத்தமே இரண்டு மூன்று கிலோதான். நார்க்கழிவில் லிக்னின் என்ற எளிதில் மட்காத பொருள் அதிகம், அது புழுவுக்கு லேசில் ஆகாத தீனி. ஒரு பயிர் முடிவதற்குள் பசி வந்துவிடும். சரி, சமையலறைக் கழிவை அதே பையில் போடலாமே என்றால், செடியின் தண்டை ஒட்டி அழுகும் கழிவு ஈயையும் எறும்பையும் எலியையும் அழைத்துவரும். மைனாக்கள் புழுவைத் தேடி மண்ணைக் கிளறி நாற்றைச் சாய்ப்பதும் இதன் தொடர்ச்சிதான்.

டார்வின் மண்புழுக்களைத் தொட்டிகளில் வைத்து வளர்த்துத்தான் கவனித்தார், 1881-இல் அதை எழுதினார் என்று எதிர்வாதம் வரலாம். உண்மைதான். அவற்றுக்கு ஒலி கேட்கிறதா என்று பார்க்கத் தொட்டியைப் பியானோ மேல் வைத்துக்கூடச் சோதித்தார். காற்றில் வரும் ஓசைக்கு அசையாத புழுக்கள், பியானோவின் அதிர்வு தொட்டியில் ஏறியதும் வளைக்குள் ஓடின. ஆனால் அந்தத் தொட்டிகள் இங்கிலாந்தின் குளிரில், வீட்டு அறைக்குள் இருந்தவை. முட்டைக்கோஸ் இலையும் கேரட் இலையும் தின்னக் கொடுக்கப்பட்டவை. நிழலும் ஈரமும் தீனியும் இருந்தால் தொட்டியில் புழு வாழும் என்பதற்கு அது சாட்சி. அந்த மூன்றையும் மொட்டை மாடியில் ஒவ்வொரு பைக்கும் தர முடியுமா என்பதுதான் நம் கேள்வி.

இன்னொரு பயத்தைப் பலர் சொல்வார்கள்: புழு வேரைக் கடித்துவிடுமா? கடிக்காது. அதற்குப் பல் இல்லை, உயிருள்ள வேர் அதன் உணவும் இல்லை. தொட்டிச் செடி வாடி, தோண்டிப் பார்த்தால் வெள்ளையாக, தடித்து, வளைந்து, தலையும் கால்களும் உள்ள ஒரு புழு கிடைக்கும். அது வண்டின் இளம்புழு. வேரைத் தின்பது அதுதான், மண்புழு மேல் பழி போட வேண்டாம்.

புழுவால் செடிக்குக் கிடைப்பது என்ன

மண்புழு தழைச்சத்தை (நைட்ரஜனை) உண்டாக்குவதில்லை, பூட்டிக் கிடப்பதைத் திறந்துவிடுகிறது. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு அறிவியல் கட்டுரை, மண்புழு இருக்கும் மண்ணில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. அந்தக் கூடுதலுக்குக் காரணம், பயிர்க்கழிவிலும் மட்கிலும் அடைபட்ட தழைச்சத்தைப் புழு வெளியே கொண்டுவருவது. கழிவை மண்ணுக்கு நிறையத் திருப்பிக் கொடுத்த இடத்தில் பலன் அதிகம். ஏற்கெனவே தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் அந்தப் பலன் மறைந்துபோனது.

இதை நம் தொட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடலைப்புண்ணாக்குக் கரைசல், இடையில் மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த திரவம்), பஞ்சகவ்யா என்று கொடுப்பவரின் பையில் புழு கூடுதலாகச் செய்வதற்கு அதிகம் இல்லை. காற்றோட்டம் தருகிறதே என்றால், நார்க்கழிவு கலந்த கலவை முன்பே பொலபொலவென்றுதான் இருக்கிறது. இறுகிய களிமண் நிலத்தில் புழுவின் வளைக்கு இருக்கும் மதிப்பு இங்கே இல்லை. சிறிய பையில் நிறையப் புழு இருந்தால் நேர்மாறாகவும் நடக்கும். கரடுமுரடான கலவை முழுக்க நைந்த எச்சமாக மாறி, அடியில் படிந்து, தண்ணீர் வடியும் வேகம் குறையும். பையில் மண் மட்டம் இறங்கியிருப்பதையும் கவனிக்கலாம்.

ஆனால் புழுவின் வயிற்றைக் கடந்து வந்த உரம், அதுவே தனிச் சொத்து. தழைச்சத்து அதில் பொதுவாக 1 முதல் 2 சதவீதம்தான். எண்ணிக்கையில் சிறிது. நுண்ணுயிரும், செடி உடனே எடுத்துக்கொள்ளும் நிலையில் உள்ள சத்துகளும் சேர்ந்துதான் அதற்கு மதிப்பைத் தருகின்றன. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் குழுவினர் தொட்டிக் கலவையில் மண்புழு உரத்தை வெவ்வேறு அளவில் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தக் கொள்ளளவில் 10 முதல் 40 சதவீதம் சேர்த்தபோது வளர்ச்சி சிறப்பாக இருந்தது. அதற்குமேல் கூட்டினால் கூடுதல் பலன் இல்லை. தொட்டி முழுக்க மண்புழு உரத்தையே நிரப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பன்னிரண்டு அங்குல விட்டமும் அதே உயரமும் உள்ள பை முழுக்கப் பிடித்தால் 22 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 18 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு என்றால் இரண்டு முதல் மூன்றரை லிட்டர் உரம் போதும். பிறகு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து விலக்கி ஓரமாகப் போட்டு, லேசாகக் கொத்தி மூடாக்கால் (காய்ந்த இலை, வைக்கோல் போர்வையால்) மூடினால் ஒரு கத்தரிச் செடிக்கு அடியுரமும் மேலுரமும் முடிந்தது.

பெட்டியா, கடையா

தனிப் பெட்டியில் புழு வளர்ப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: நாள் முழுக்க நிழல் இருக்கும் ஒரு மூலை வேண்டும். படிக்கட்டுக்கு அடியோ, தண்ணீர்த் தொட்டியின் வடக்குப் பக்கமோ, பால்கனிச் சுவரோரமோ போதும். எல்லாத் தொட்டிக்கும் தர முடியாத நிழலையும் ஈரத்தையும் ஒரு பெட்டிக்குத் தந்துவிட முடியும் என்பதே இந்த வழியின் பலம். கழிவு அங்கே, செடி இங்கே என்று பிரிந்துவிடுவதால் எறும்பு, எலித் தொல்லையும் செடிப்பக்கம் வராது.

அடியில் துளையிட்ட 20 லிட்டர் பக்கெட்டில் தொடங்கலாம். கீழே தேங்காய் மட்டைத் துண்டுகள், மேலே பாதி மட்கிய சாணமும் காய்ந்த இலையும். புதுச் சாணம் சூடேறும், புழுவை விடும் முன் இரண்டு வாரமாவது ஆற வேண்டும். கழிவு போடும்போதெல்லாம் அதற்குச் சம அளவு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ சேர்த்தால் நாற்றமே வராது. எலுமிச்சைத் தோல், உப்பும் எண்ணெயும் கலந்த மீதி உணவு, மீன் கழிவு வேண்டாம். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் இருந்தால் சரி.

உரம் எடுக்கும் நாள் எனக்குப் பிடித்த நாள். இரண்டு நாள் தண்ணீர் தெளிக்காமல் விட்டு, பெட்டியிலுள்ளதை வெளிச்சத்தில் ஒரு சாக்கின்மேல் கூம்பாகக் குவிக்க வேண்டும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. பத்து நிமிடத்தில் மேலே ஒன்றுகூட இருக்காது, எல்லாம் உள்ளே இறங்கியிருக்கும். மேல் உரத்தைக் கையால் வழித்து எடுத்தால், சில நிமிடத்தில் அடுத்த அடுக்கும் காலியாகும். இப்படி வழித்துக்கொண்டே போனால் கடைசியில் அடியில் ஒரு பந்தாகச் சுருண்ட புழுக்கூட்டம் மிஞ்சும். அதைப் புதுத் தீனியில் விட்டால் அடுத்த சுற்று தொடங்கிவிடும். வழித்த உரத்தில் காபித்தூள் போன்ற குருணையும், மழை பெய்த மண்ணின் வாசமும் இருக்கும். ஆங்காங்கே 3, 4 மில்லிமீட்டர் அளவில் மஞ்சளும் பழுப்புமாக முட்டைக்கூடுகள் தெரியும். அவற்றைப் பொறுக்க வேண்டாம். தொட்டிக்குப் போய் அங்கே பொரித்து, தீனி இருக்கும் அளவுக்கு வாழ்ந்துகொள்ளும்.

பெட்டிக்கு நிழல் இல்லை, நேரமும் இல்லை என்றால் கடையில் வாங்குவதில் குறை ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு தொட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு அதுவே சிக்கனமும்கூட. வாங்கும்போது ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். ஈரமாக, கருமையாக, குருணையாக இருக்க வேண்டும். சாண வாடையோ அமோனியா நெடியோ அடித்தால் அது முழுதாக ஆகவில்லை. தூள் பறந்தால் வெயிலில் காயவிட்டு அடைத்தது, நுண்ணுயிர் பெரும்பாலும் போயிருக்கும். கனமாக, விரலில் நறநறவென்று பட்டால் மண் கலந்திருக்கிறார்கள். மொத்தமாக வாங்கினால் மூட்டையைக் கட்டி வைக்காமல், நிழலில் வாய் திறந்து, ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள்.

புழு விடத் தகுந்த தொட்டி

பாதியாக அறுத்த 200 லிட்டர் டிரம், இரண்டடி அகல மரப்பெட்டி, செங்கல் கட்டிய மாடிப் பாத்தி, இவற்றில் கதை மாறுகிறது. நடு மண் வெளி வெப்பத்திலிருந்து தள்ளி இருக்கிறது. புழு ஒதுங்க இடம் உண்டு. முருங்கை, எலுமிச்சை, கொய்யா போன்ற பல ஆண்டுச் செடிகள் இதில்தான் இருக்கும், அவற்றின் மண்ணை ஆண்டுதோறும் கொட்டி மாற்ற முடியாது. மண்ணை உள்ளிருந்தே புதுப்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் மண்புழுதான்.

தீனிக்கு நான்கு அங்குலப் பி.வி.சி. குழாயில் ஓரடித் துண்டு போதும். கீழ்ப்பாதி முழுக்க 8, 10 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, செடியிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் புதைத்து, காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மாற்றி மாற்றிப் போட்டு மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் ஈயும் எலியும் வரும். உள்ளே காய்ந்தால் எறும்பு குடியேறும், எனவே குழாய்க்குள்ளும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மண்ணின்மேல் இரண்டு அங்குல மூடாக்கு எப்போதும் இருக்கட்டும். கோடையில் 50 சதவீத நிழல்வலை கட்டாயம்.

புழு விட்ட பிறகு சில இடுபொருட்களில் கவனம் வேண்டும், இயற்கையானது எல்லாம் புழுவுக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. இலுப்பைப் புண்ணாக்கில் சபோனின் உண்டு, புழுவைக் கொல்லும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கோல்ஃப் புல்வெளிகளில் மண்புழுவை விரட்டவே இந்தியாவிலிருந்து போன இலுப்பைப் புண்ணாக்கைப் பயன்படுத்தினார்கள். போர்டோ கலவை போன்ற செம்பு மருந்துகள் மண்ணில் சேரச் சேரப் புழுவுக்கு நஞ்சு. இலைக்குத் தெளிக்கும்போது மண்ணை மூடிவிடுங்கள். மீன் அமிலத்தை நீர்க்கச் செய்யாமல் ஊற்றுவது, சாம்பலை அள்ளிப் போடுவது இரண்டும் வேண்டாம். வேப்பம்புண்ணாக்கு வழக்கமான அளவில் இருந்தால் போதும்.

எப்போது விடுவது? ஆடி கடந்து, வெயில் தணிந்து, மழை எட்டிப்பார்க்கும் ஆவணி, புரட்டாசி நல்ல காலம். பங்குனிக்குள் அவை இனம் பெருக்கி, கோடையை எதிர்கொள்ள ஆழத்தில் இடம் பார்த்திருக்கும். டிரம்மை முதல்நாளே நன்றாக நனைத்து வடியவிட்டு, மறுநாள் மாலை வெயில் இறங்கியதும் மூடாக்கை ஒதுக்கி, புழுவை அது இருந்த சாணத்தோடு சேர்த்து மண்மேல் வையுங்கள். குழி தோண்டிப் புதைக்க வேண்டாம், அதுவே இறங்கும். கால் மணி நேரத்துக்குப் பிறகும் மேலேயே கிடப்பவை அடிபட்டவையோ அந்த மண் பிடிக்காதவையோதான். பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் எடுத்துப் பழைய பெட்டியிலேயே விட்டுவிட்டு, மண்ணைத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, அதில் சேர்ந்திருக்கும் உப்பு போனபின் ஒரு வாரம் கழித்து ஐந்தாறு புழுக்களை மட்டும் விட்டுப் பாருங்கள்.